நான்கு தட்டுகளும் ஒரு நள்ளிரவுச் சத்தமும்

உயர்தர வகுப்பிலே கணிதம் பயிலும் மாணவி ஒருவர் சில வாரங்களுக்கு முன் எமக்கு நீண்ட கடிதமொன்று வரைந்திருந்தார். அவருடைய தமையனார் கலியாண வீடுகளுக்குச் சென்று படம் பிடிக்குந் தொழில் செய்பவர். படங்களும் வீடியோக்களும் ஆண்டுக்காண்டு பெருகிக் கணினியிலே இடம் போதாமற் போகவே, தங்கையார் தாமே ஒரு களஞ்சியம் அமைத்துத் தருவதாக முன்வந்தாராம். பழைய கணினிகளைப் பிரித்து விற்கும் கடையொன்றிலே, 2 டெராபைற்றுக் கொள்ளளவுள்ள வன்தட்டுகள் நான்கை மலிவாக வாங்கினார். வீட்டு மூலையிலே தூசி படிந்து கிடந்த மேசைக் கணினியினுள் அவற்றைப் பூட்டினார். லினக்ஸ் என்னும் இலவச இயக்க முறைமையை நிறுவி, நான்கு தட்டுகளையும் ஒன்றாகக் கோத்து, 8 டெராபைற்றுக் கொள்ளளவுடைய ஒரே தட்டுப்போல ஆக்கிவிட்டார். அளந்து பார்த்தபோது வினாடிக்கு 500 மெகாபைற்று வேகத்திலே தரவுகள் பாய்ந்தன. தமையனாரின் ஆறு ஆண்டுக்காலப் படங்கள், ஏறத்தாழ 5 டெராபைற்று, அங்கே குடியேறின.

அவர் எம்மைக் கேட்ட கேள்வி இது: களஞ்சியத்தினுள்ளே அளந்தால் வேகம் 500. தமையனாரின் கணினியிலிருந்து அதே படத்தை எடுத்தாலோ 110க்கு மேல் ஏறுவதில்லை. மிகுதி வேகம் எங்கே போகின்றது?

நல்ல கேள்வி. இதற்கு விடை எழுதலாமென்று மகிழ்ச்சியோடு பேனாவை எடுத்தபோதுதான் கடிதத்தின் அடியிலே இருந்த பின்குறிப்பு எமது கண்ணிற் பட்டது. நான்கு தட்டுகளுள் ஒன்று, வீடு அமைதியாய் இருக்கும் நள்ளிரவு வேளைகளில், ஒரு வாரமாக ‘டிக், டிக்’ என்று சத்தமிடுகின்றதாம். பெரிய விசிறி ஒன்று பூட்டினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருந்தார்.

பேனாவை வைத்துவிட்டு, முதலில் அவருக்கு மின்னஞ்சலில் நான்கு வரி எழுதி அனுப்பினோம். அவ்வரிகளையும் அவற்றின் பின் நடந்ததையும் கடைசியிலே சொல்வோம். வன்தட்டு எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை அறியாதார்க்கு அந்தச் சத்தத்தின் பொருள் விளங்காது.

இசைத்தட்டைப் பார்த்திருப்பவர்களுக்கு வன்தட்டை விளக்குவது எளிது. காந்தப் பூச்சுப் பூசிய வட்டத் தகடுகள் ஓர் அச்சிலே சுழல்கின்றன. ஒரு புயம் முன்னும் பின்னும் அசைந்து, வேண்டிய தடத்தின்மேல் நின்று வாசிக்கின்றது. இசைத்தட்டு ஊசி தட்டைத் தொட்டுக்கொண்டு ஓடும். வன்தட்டின் வாசிப்புத் தலையோ தொடுவதில்லை, மயிரிழையினும் பன்மடங்கு குறுகிய இடைவெளியிலே மிதந்து செல்லும். இச்சாதனம் முதன்முதலாக 1956ஆம் ஆண்டு செப்டெம்பரிலே ஐ.பி.எம். நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. ஒவ்வொன்றும் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் அதில் இருந்தன. நிறை ஏறத்தாழ ஒரு தொன். அவ்வளவு பெரிய பொறியிலே அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. இக்காலத்துக் கமரா எடுக்கும் முழுத்தரப் படம் ஒன்றைக்கூட அதனுள் வைத்தல் அரிது.

இன்று மேசைக் கணினிகளிலுள்ள வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றது. அதாவது வினாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி ஆகும். வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னர்ப் புயம் சரியான தடத்துக்கு நகர 8 அல்லது 9 மில்லி வினாடி செல்லும். கூட்டிப் பார்த்தால், ஒரு வினாடியிலே வெவ்வேறு இடங்கள் 80ஐ அணுகலாம், அவ்வளவுதான்.

இங்கேதான் பலரும் தவறு விடுகின்றனர். வேகம் என்பது ஒன்றன்று, இரண்டு. பெரிய வீடியோவொன்று தட்டிலே தொடர்ச்சியாக எழுதப்பட்டிருந்தால் புயம் அசைய வேண்டியதில்லை. பழைய தட்டும் வினாடிக்கு 130 மெகாபைற்று வரை வாரி வழங்கும். அதே தட்டிலே, நாலு கிலோபைற்றுத் துண்டுகளாக அங்குமிங்கும் சிதறிய தரவுகளைக் கேட்டுப் பாருங்கள். வினாடிக்கு 80 துண்டு, ஆக 320 கிலோபைற்று. அரை மெகாபைற்றுக்கூட இல்லை! நான்கு தட்டுகளைச் சேர்த்தால் 320 துண்டாகும். சுழலும் பகுதி எதுவும் இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் சில்லுச் சேமிப்பகமோ, மிக மலிவானதாயினும், வினாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை அநாயாசமாக எடுத்துத் தரும். ஆகையால், சிறு கோப்புகளை ஆயிரக்கணக்கிலே திறந்து மூடும் வேலைக்கு வேகம் வேண்டுவோர் வன்தட்டுகளைக் கோத்துக் காலத்தை வீணாக்க வேண்டாம். ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. வாங்கி அன்றாட வேலையை அதிலே செய்யலாம். வன்தட்டு அணி வெல்லும் இடம் வேறு: பெரிய கோப்புகள், நிறைந்த கொள்ளளவு, குறைந்த செலவு. கலியாணப் படக்காரரின் களஞ்சியத்துக்கு அது மிகப் பொருத்தமே.

இனி அந்த 110. இரு கணினிகளையும் இணைக்கும் கம்பியின் வேகம் வினாடிக்கு 1,000 மெகாபிற்று. பிற்று எட்டுச் சேர்ந்தது ஒரு பைற்று. எட்டால் வகுத்தால் 125 மெகாபைற்று. உறையும் விலாசமும் எழுதுவது போன்ற போக்குவரத்துச் செலவு போக எஞ்சுவது 110 அல்லது 115. மாணவியார் அளந்தது துல்லியமாக இதையே! அகன்ற வாய்க்காலொன்றை வெட்டி அதன் முடிவிலே சிறு மூங்கிற் குழாயைச் செருகியது போலாயிற்று. வன்தட்டு ஒன்றே அந்தக் கம்பியை நிரப்பிவிடும், மற்ற மூன்றும் வரிசையிலே காத்துக்கொண்டு நிற்கின்றன. வேகம் கட்டாயம் வேண்டுமானால், 2,500 மெகாபிற்று வேகமுள்ள ஈதர்நெட் அட்டைகள் இரண்டு வாங்கி, இரு கணினிகளையும் ஒரே கம்பியால் நேரே இணைத்துக்கொள்ளலாம். இடையிலே வேறு பெட்டி தேவையில்லை. அப்போது 280 மெகாபைற்று வரை கிடைக்கும். தட்டுகளுக்குப் பணம் செலவிடுமுன் கம்பியைப் பார்த்தல் நன்று.

பல சிறு தட்டுகளைச் சேர்த்துப் பெரிய தட்டின் வேலையை வாங்கலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1988ஆம் ஆண்டிலே, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றண்டி கற்ஸ் ஆகிய மூவரும் சிக்காகோ மாநாடொன்றிலே ஒரு கட்டுரை சமர்ப்பித்தனர். அதிலே இருவகைத் தட்டுகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். ஒன்று ஐ.பி.எம். நிறுவனத்தின் 3380 என்னும் பெருந்தட்டுப் பெட்டி. அதன் கொள்ளளவு 7,500 மெகாபைற்று. பருமன் 24 கன அடி. உண்ணும் மின்சாரம் 6,600 உவாற்று. மற்றையது தனியாள் கணினிகளுக்கென்று கொனர் நிறுவனம் செய்த மூன்றரை அங்குலச் சிறு தட்டு. கொள்ளளவு 100 மெகாபைற்று. பருமன் ஒரு கன அடியில் நூற்றில் மூன்று பங்கு. மின்சாரம் 10 உவாற்று. வாசகர்களே கணக்கிட்டுப் பாருங்கள். எழுபத்தைந்து சிறு தட்டுகள் சேர்ந்தால் பெருந்தட்டின் கொள்ளளவு வந்துவிடும். மின்சாரமோ 750 உவாற்று. இடம் இரண்டேகாற் கன அடி. மலிவான தட்டுகளின் அணி என்னும் பொருள்பட அம்மூவரும் இதற்கு ‘றெயிட்’ என்று பெயரிட்டனர். பின்னாளிலே, தங்கள் பொருளை மலிவானது என்று சொல்லிக்கொள்ள விரும்பாத வணிகர்கள், அப்பெயரிலுள்ள ‘மலிவான’ என்ற சொல்லைத் ‘தனித்தியங்கும்’ என்று மாற்றிக்கொண்டார்கள். வணிகர் புத்தி எங்கும் ஒன்றே!

ஆனால், அந்தக் கட்டுரையின் உயிர்நிலை மலிவிலே இல்லை, ஒரு பயத்திலே இருக்கின்றது. தட்டு ஒன்று பழுதாகாமல் ஓடுமெனக் குறிக்கப்பட்ட சராசரிக் காலம் அப்போது 30,000 மணி. நூறு தட்டுகளைக் கோத்தால் அவற்றுள் ஏதோ ஒன்று பழுதாகச் சராசரியாக 300 மணி போதும். இரண்டு கிழமைகூட இல்லை. பல தட்டுகளைச் சேர்த்தால் வேகம் பெருகுவது போலவே ஆபத்தும் பெருகும் என்பதைக் கண்டபடியாலேதான், ஒரு தட்டு இறந்தாலும் தரவு இறவாதிருக்கும் வழிகளை அவர்கள் வரிசைப்படுத்தினார்கள்.

மாணவியார் செய்தது என்னவெனில், வேகத்தை எடுத்துக்கொண்டு அந்த வழிகளை விட்டுவிட்டார். பெரிய நூலொன்றைப் படியெடுக்க நான்கு எழுத்தரை அமர்த்தி, முதலாம் ஏடு ஒருவருக்கு, இரண்டாம் ஏடு மற்றவருக்கு என்று சுற்றிச் சுற்றிக் கொடுத்தால், வேலை காற்பங்கு நேரத்திலே முடிந்துவிடும். ஆனால், எழுத்தருள் ஒருவர் தமது கட்டைத் தொலைத்துவிட்டால், ஒவ்வொரு நான்காம் ஏடும் இல்லாத நூலை யார் வாசிப்பது? இதற்குப் பூச்சிய வகை அணி என்று பெயர். ஒரு தட்டு ஓராண்டிலே பழுதாகும் சாத்தியம் நூற்றுக்கு மூன்று என்று வைத்துக்கொள்வோம். நான்கும் தப்பிப் பிழைக்கும் சாத்தியம் 0.97ஐ நான்கு தடவை பெருக்கினால் வருவது, நூற்றுக்கு 88½. அழியும் சாத்தியம் நூற்றுக்கு 11½. அதுவும் ஒரு தட்டின் படங்களல்ல, நான்கு தட்டின் படங்களும் அழியும்.

பாதுகாப்பு வழிகளுள் மிக எளியது இணைத்தட்டு. ஒரே தரவை இரண்டு தட்டிலும் எழுதுவது. பாதிக் கொள்ளளவு போய்விடும். மற்றொன்று சிக்கனமானது. மூன்று தட்டுகளிலே 7, 4, 9 என்ற எண்கள் உள்ளன என்க. நான்காவதிலே அவற்றின் கூட்டுத்தொகை 20ஐ எழுதிவைக்கிறோம். இரண்டாந் தட்டு இறந்தால், 20இலிருந்து 7ஐயும் 9ஐயும் கழிக்க, இழந்த 4 திரும்பி வருகின்றது. கணினி உண்மையிலே கூட்டிக்கொண்டிருப்பதில்லை. இரும எண்களிலுள்ள ஒன்றுகள் ஒற்றையா இரட்டையா என்பதை மட்டும் குறித்துக்கொள்கின்றது, தத்துவம் இதுவே. இந்த ஐந்தாம் வகையிலே நான்கு தட்டுக்கு மூன்று தட்டின் கொள்ளளவு கிடைப்பதால் சிக்கனம் விரும்புவோர் இதையே நாடுவர்.

இச்சிக்கனத்துக்கு விலை உண்டு. 4 என்ற எண்ணை 5 ஆக மாற்ற வேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய 4ஐ வாசிக்க வேண்டும், பழைய 20ஐ வாசிக்க வேண்டும், புதிய 5ஐ எழுத வேண்டும், புதிய 21ஐ எழுத வேண்டும். ஒரு வேலை நான்காயிற்று. சரி, மெதுவாகவே நடக்கட்டும் என்றாலும், 5ஐ எழுதிய பின், 21ஐ எழுதுமுன் மின்சாரம் நின்றுவிட்டால்? கணக்கு ஒன்று, கூட்டுத்தொகை வேறொன்று. அப்போது பார்த்தால் யாதொரு குறையும் தெரியாது. மாதங்கள் கழித்து ஒரு தட்டு இறந்து, கழித்துப் பார்க்கும்போதே தவறான எண் வந்து நிற்கும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட எமது நாட்டிலே இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. கூட்டுத்தொகை வகையை நாடுவோர், மின்சாரம் நின்றதும் கணினியை ஒழுங்காக மூடிவிட அவகாசம் தரும் யூ.பி.எஸ். ஒன்றையும் சேர்த்தே செலவுக் கணக்குப் போடவேண்டும். சன் மைக்குறோசிஸ்ரம்ஸ் நிறுவனத்திலே உருவாகி 2005இல் வெளிவந்த இசெட்.எவ்.எஸ். என்னும் கோப்பு முறைமை, பழையதன்மேல் எழுதாது புதிய இடத்திலே எழுதி முடித்தபின்னரே சுட்டியை மாற்றுவதால், இந்தப் பொத்தலை அடைத்துவிடுகின்றது. அதுவும் இன்று இலவசமாகக் கிடைப்பதே.

இன்னொரு விலை, பழுதான தட்டுக்குப் பதிலாகப் புதியதைப் பூட்டும் நாளிலே தெரியவரும். கூட்டுத்தொகை வகையிலே, எஞ்சிய தட்டுகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து முடிவு வரை வாசித்தாலன்றி இழந்ததை மீட்க முடியாது. 2 டெராபைற்றுத் தட்டுக்கு நாலேகால் மணி நேரமேனும் ஆகும். 8 டெராபைற்றுத் தட்டுக்குப் பதினைந்து மணி நேரம். இது தட்டுகள் வேறு வேலை எதுவும் செய்யாதிருந்தாற்றான். ஒரே நாளிலே ஒரே கடையிலே வாங்கிய, ஒரே வயதுடைய மூன்று கிழத் தட்டுகளை, நான்காவது இறந்த வீட்டிலே வைத்து இரவு பகலாக ஓட்டுவதென்றால் நெஞ்சு பதறாதா? இணைத்தட்டு வகையிலோ, இறந்ததன் துணை ஒன்றை மட்டும் வாசித்தாற் போதும். ஆதலால், நான்கு தட்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு எமது யோசனை, இரண்டிரண்டாக இணைத்து, அவ்விணைகள் இரண்டையும் கோப்பதே. இதைப் பத்தாம் வகை என்பர். கொள்ளளவு பாதியாவது உண்மை. மனநிம்மதி அதனிலும் பெரிது.

இனி, வீட்டிலே அமைக்கும்போது கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள். சில்லறை என்றோமாயினும், களஞ்சியங்கள் பெரும்பாலும் இவற்றாலேயே கெடுகின்றன.

தட்டு ஒன்று சுழலத் தொடங்கும் வினாடியிலே 20 முதல் 25 உவாற்று வரை இழுக்கும். ஓடத் தொடங்கிய பின்னர் அதிலே மூன்றிலொரு பங்கு போதும். நான்கும் ஒன்றாக விழித்தெழுந்தால் 100 உவாற்று. பழைய கணினியின் மின்வழங்கிப் பெட்டி தளர்ந்திருந்தால் இங்கேயே தடுக்கி விழும். மின் இணைப்பு முனைகள் போதாவிட்டால் மாற்று முனைகள் வாங்குவார்கள். அவற்றிலே கம்பிகளைப் பிளாஸ்ரிக்கால் ஒரே கட்டியாக வார்த்துச் செய்த மலிவு வகை, உள்ளே குறுக்கோட்டம் ஏற்பட்டுத் தீப்பற்றக் கூடியது. கம்பிகள் தனித்தனியே செருகப்பட்ட வகையைக் கேட்டு வாங்குங்கள். இந்த ஓரிடத்திலே மட்டும் மலிவு வேண்டாம்.

தட்டு வாங்கும்போதும் ஒரு நுட்பம் உண்டு. சில தட்டுகளிலே தடங்கள், கிடுகு வேய்ந்தாற்போல, ஒன்றன் ஓரம் மற்றொன்றின்மேல் படியும்படி எழுதப்படுகின்றன. கொள்ளளவு கூடும், விலை குறையும். ஆனால், கீழேயுள்ள கிடுகொன்றை மாற்ற மேலேயுள்ளவற்றையும் கழற்றவேண்டும் அன்றோ? அதுபோல ஒரு தடத்தை மாற்ற அயலிலுள்ள தடங்கள் பலவற்றையும் திருப்பி எழுதவேண்டி வரும். தனியாக வைத்துச் சேமிக்க இவ்வகை உகந்தது. அணியிலே பூட்டினால், மீட்கும் நாளிலே நாட்கணக்காக இழுத்தடிக்கும். 2020ஆம் ஆண்டிலே, வீட்டுக் களஞ்சியத்துக்கென்றே விற்கப்பட்ட தட்டுகள் சிலவும் இவ்வகையின என்பது வெளிவந்து பெரும் ஆரவாரம் எழுந்தது. ஆகவே, வாங்குமுன் விபரத்தாளைப் பார்த்தல் அவசியம்.

வன்தட்டுக்கு அதிர்ச்சி ஆகாது. சன் நிறுவனத்திலே பணியாற்றிய பிரெண்டன் கிரெக் என்னும் பொறியியலாளர், 2008ஆம் ஆண்டின் இறுதி நாளிலே வெளியான வீடியோ ஒன்றில், ஓடிக்கொண்டிருக்கும் தட்டு அணியின் அருகே வாயை வைத்து உரக்கக் கத்துகின்றார். உடனே தட்டுகளின் வேகம் சரிவது வரைபடத்திலே தெரிகின்றது! வீட்டிலே தட்டைப் பார்த்துக் கத்துவோர் இலர். ஆயினும், ஒலிபெருக்கியின் மேலும் தையல் இயந்திரத்தின் அருகிலும் களஞ்சியத்தை வைக்காதிருப்பது நல்லது. விசிறி ஒன்று மெதுவாகவேனும் தட்டுகளின்மேல் வீசிக்கொண்டிருக்கட்டும். எமது வெப்பத்திலே அது ஆடம்பரம் அன்று. 50 உவாற்று உண்ணும் கணினியை இரவு பகலாக ஓட்டினால் மாதத்துக்கு 36 அலகு ஆகும் என்பதையும் வீட்டுத் தலைவியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அலகு கூடக் கூட அலகின் விலையும் ஏறும் பட்டியலல்லவா எம்முடையது!

ஒவ்வொரு தட்டின் வரிசை எண்ணிலும் கடைசி நான்கு இலக்கங்களைக் காகிதத்திலே எழுதி, வெளியே தெரியும்படி ஒட்டுங்கள். தட்டு இறந்த பதற்றத்திலே, இறந்ததை விட்டு நல்லதைக் கழற்றிக் களஞ்சியத்தை முற்றாக அழித்தவர்கள் பலர். படங்களை ஏற்றுமுன், பயனற்ற கோப்புகளை நிரப்பி, ஒரு தட்டின் கம்பியை வேண்டுமென்றே கழற்றிப் பார்த்து, மீட்கும் முறையை ஒரு தடவை செய்து பழகுங்கள். தீயணைப்புப் பயிற்சி தீப்பற்றுமுன் செய்வதன்றோ?

இவ்வளவும் செய்தபின்னும் ஒரு பெருங் குறை எஞ்சியிருக்கின்றது. இணைத்தட்டு, தட்டின் சாவை மட்டுமே தாங்கும். கைதவறி ஒரு கலியாணத்தை அழித்துவிட்டால் இரண்டு தட்டிலும் ஒரே கணத்திலே அழியும். ஏப்ரில் மாதத்து மின்னல் கம்பி வழியே வந்தால் நான்கும் ஒன்றாகப் போகும். களவு, வெள்ளம், தீ ஆகியனவும் அவ்வாறே. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சிட்ட நூல்கள் பலவற்றை வேறிடங்களிலே தேடிப் பெறலாயிற்று. படியெடுக்கப்படாத சுவடிகளை எங்கே தேடுவது? 2005ஆம் ஆண்டிலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவாக்கிவரும் நூலகம் திட்டத்தின் பயன் இதிலிருந்தே விளங்கும். வீட்டுக்கும் அதே வழிதான். தனி வன்தட்டு ஒன்றிலே எல்லாவற்றையும் படியெடுத்து, கம்பியைக் கழற்றி, மாமி வீட்டு அலுமாரியிலே வையுங்கள். மாதம் ஒருமுறை கொண்டுவந்து புதியவற்றைச் சேருங்கள். அணிக்கும் பிரதிக்கும் ஒருங்கே பணம் போதாதவர் அணியை விட்டுப் பிரதியை வாங்கட்டும்.

இனி அந்த நான்கு வரிகள். நள்ளிரவிலே கேட்ட ‘டிக், டிக்’ வெப்பத்தினால் வந்த சத்தமன்று. தடத்தைக் காணாத புயம் மீண்டும் மீண்டும் தொடக்க இடத்துக்கு ஓடிப்போய்த் திரும்பும் சத்தம் அது. நாம் எழுதியவை இவை: விசிறியை மறந்துவிடுங்கள். கணினியை நிறுத்தித் தொடக்க வேண்டாம், எவ்விதப் பரிசோதனையும் ஓட்ட வேண்டாம். இன்றிரவே யாரிடமேனும் ஒரு வெளித்தட்டை இரவல் வாங்குங்கள். இன்னும் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேராத கலியாணங்களை முதலிலும், அடுத்து அண்மைக் காலத்தவற்றையும், பழையவற்றைக் கடைசியிலும் படியெடுங்கள்.

மாணவியார் அன்றிரவே தொடங்கினாராம். நல்ல நிலையிலுள்ள அணியாயின் 5 டெராபைற்றும் பன்னிரண்டு மணி நேரத்திலே வந்து முடிந்திருக்கும். நோயுற்ற தட்டு அடிக்கொருதரம் நின்று நின்று இழுத்ததால் மூன்று இரவுகள் சென்றன. நான்காம் நாட் காலையிலே அது ஓய்ந்துவிட்டது. மீண்டவை நான்கு ஆண்டுப் படங்கள். முதல் இரண்டு ஆண்டுப் படங்கள் மீளவில்லை.

அவ்விரண்டு ஆண்டிலே கலியாணம் செய்தவர்களிடம் இறுவட்டுகளிலும் பென்ட்ரைவுகளிலும் பிரதிகள் இருந்தன. தமையனார் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளிலே ஒவ்வொரு வீடாகச் சென்று, தேநீரும் பலகாரமும் உண்டு, தாம் கொடுத்ததைத் தாமே இரவல் கேட்டு வாங்கி வருகின்றாராம். சில வீடுகளிலே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். ஆனால், அதே காலத்திலே அவர் தமது வீட்டு முற்றத்திலே அம்மம்மாவை இருத்தி எடுத்த படங்களும் அந்தத் தட்டுகளிலே இருந்தன. தம் வீட்டுப் படமாகையால் யாருக்கும் கொடுக்கவில்லை, அச்சிடவும் இல்லை. அம்மம்மா இப்போது இல்லை. வரிசை வகுத்துக் கொடுத்தபோது அப்படியொன்று இருக்குமென்று நாமும் நினைக்கவில்லை.

இறந்த தட்டைத் திறந்து பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கின்றோம். தூசியற்ற அறையிலே அதைத் திறந்து தரவை மீட்கும் நிபுணர்கள் உண்டு. செலவு பெரிது. என்றாவது பணம் சேர்ந்து அவர்களிடம் கொடுப்பதாயின் நான்கு தட்டும் வேண்டும். ஆகையால், நல்ல நிலையிலுள்ள மூன்றையும் அழித்து வேறு வேலைக்கு எடுக்காமல், எந்தத் தட்டு எந்த முனையிலே பூட்டியிருந்தது என்பதைக் குறித்து, நான்கையும் ஒரே பெட்டியிலே இட்டு வைக்கவேண்டும். புதிய களஞ்சியத்துக்கு வேறு தட்டுகள்தாம் வாங்கவேண்டும். தமையனார் இரண்டுக்கு மட்டும் பணம் தந்திருக்கின்றாராம். மாமி வீட்டுக்கு மூன்றாவதை அடுத்த மாதம் வாங்கலாமா என்று மாணவியார் கேட்டிருக்கின்றார். இவ்விரண்டையும் அணியாக்காமல், ஒன்றைக் கணினியிலே பூட்டி, மற்றதிலே படியெடுத்து இப்போதே மாமி வீட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த மாதம் வரும் மூன்றாவது, முதலாவதன் இணையாகட்டும். அந்தக் கம்பிக்கு ஒரு தட்டின் வேகமே போதும்.